இரண்டு விதை மூட்டை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். நேற்று நீ போனை வைத்த பிறகு அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. கம்பெனியில் ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள், யார் பெயர், எந்த மாதம் என்று ஒன்றும் தெரியவில்லை, ராத்திரி தூக்கமே வரவில்லை என்றாயே. அந்த நேரத்தில் எனக்குப் பதில் வரவில்லை. எழுதினால் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன். படம் எடுத்து உன் போனுக்கு அனுப்பச் சொல்கிறேன்.

உங்கள் கம்பெனி விவகாரம் எனக்குப் புரியாது. தண்ணீர் வருமா வராதா என்று காத்திருப்பது தெரியும். காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைக்காரன், நாற்பது வருஷமாக வேறென்ன செய்கிறேன்? மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறக்க வேண்டும் என்பது கணக்கு. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 ஆகிவிட்டது. 2023-ல் ஜூன் 12-ல் சரியாகத்தான் திறந்தார்கள். ஆனாலும் பாதியில் தண்ணீர் குறைந்து நம் குறுவை கருகியதை லீவில் வந்தபோது நீயே பார்த்தாய். நல்ல செய்தி வந்த வருஷத்தில்தான் பயிர் போனது.

ஆடியில் இரண்டு விதை மூட்டை வாங்கி வைப்பேனே, “எதுக்குப்பா ரெண்டு செலவு?” என்று சின்ன வயதில் கேட்பாய். ஒன்று சி.ஆர். 1009 என்ற நெல் ரகம், ஐந்து மாதத்துக்கு மேல் எடுக்கும், ஆனால் நல்ல விளைச்சல். இன்னொன்று ஆடுதுறை 36, நூற்றுப்பத்து நாளில் அறுத்துவிடலாம். ஆவணி முடிந்தும் தண்ணீர் எட்டவில்லை என்றால் 1009-ஐத் தொட மாட்டேன். ஜனவரி 28-ல் அணையை மூடிவிடுவது வழக்கம், தாமதமாக விதைத்தால் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் பயிர் காயும். தண்ணீர் என்றைக்கு வரும் என்று நான் கணிக்கப் பார்ப்பதில்லை. எந்தத் தேதி தாண்டினால் எந்த மூட்டையைப் பிரிப்பது என்று காலண்டரில் வட்டம் போட்டுவிடுவேன். அந்த நாள் வரும்வரை வீட்டில் அந்தப் பேச்சு கிடையாது.

அப்படியும் தப்பும். 2021 பொங்கலுக்கு முன்னால் பெய்த மழை ஞாபகம் இருக்கிறதா? அறுக்க வேண்டிய சம்பா சாய்ந்து, கதிரிலேயே நெல் முளைத்துவிட்டது. மூன்று ராத்திரி டார்ச்சோடு வரப்பில் போய் நின்றேன். நான் நின்றேன் என்பதற்காக மழை விட்டுவிடவில்லை, காய்ச்சல்தான் வந்தது. பகலில் நானும் சித்தப்பாவும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, வடிகாலை அடைத்திருந்த ஆகாயத்தாமரையை வெட்டித் தள்ளினோம். அதனால் மேட்டு வயலில் இரண்டு மா நிலம் தப்பித்தது. பள்ளத்து வயல் போனது போனதுதான். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை, போய்விடும் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ராத்திரிகளில் தூங்கியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

மாப்பிள்ளையிடம் இன்னும் சொல்லவில்லை என்றாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கே சொல்லு. இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்: உன் சம்பளம் நின்றால் வாடகையும் வண்டிக் கடனும் எத்தனை மாதம் தாங்கும், எந்த மாதம் வரை இதே அளவு சம்பளத்துக்குக் காத்திருப்பாய், எந்தத் தேதிக்குப் பிறகு குறைந்த சம்பளமானாலும் எடுத்துக்கொள்வாய். வட்டம் போட்டுவிட்டுப் படு.

சொசைட்டியில் அடகு வைத்திருந்த அம்மா வளையலைப் போன மாதம் மீட்டுவிட்டோம். தேவைப்பட்டால் திரும்ப வைக்கலாம். அம்மாதான் எழுதச் சொன்னாள், சங்கடப்படாதே.

நீ பெங்களூரில் குடிப்பதும் காவிரிதான், நம் வாய்க்காலுக்கு வர வேண்டியதும் அதுதான். குடகில் மழை பிடித்தால் உங்கள் ஊர் செய்தியில் முதலில் சொல்வார்கள். ராத்திரி எத்தனை மணியானாலும் போன் போடு.

அன்புடன்,
அப்பா