புது ஊருக்குப் பழகலாம், தோலைப் பணயம் வைக்க வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வெளிநாடு போகிறவர்களுக்காக நீங்கள் வெளியிடும் கட்டுரைகளைத் தவறாமல் படிக்கிறேன். விசா, வாடகை, வங்கிக் கணக்கு, குளிருக்கு எந்தக் கோட்டு என்று எல்லாம் வருகிறது. ஆனால் போய் இறங்கிய கொஞ்ச நாளிலேயே எல்லோரையும் படுத்தியெடுக்கும் தலைமுடி, தோல், சவரம் பற்றி ஒரு வரிகூட வருவதில்லை. அற்ப விஷயம் என்று விட்டுவிடுகிறார்களோ என்னவோ. நேர்முகத் தேர்வுக்குப் போகும்போதும், வகுப்பில் முதல் நாள் உட்காரும்போதும், நாம் பார்க்க எப்படி இருக்கிறோம் என்பதுதான் மனசுக்குள் ஓடுகிறது. அந்த நேரத்தில் யாரிடம் கேட்பது என்று தெரியாமல், பக்கத்தில் இருப்பவர் செய்வதை அப்படியே செய்யப் போய்த் தோலைப் புண்ணாக்கிக்கொள்கிறவர்களைப் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சில விஷயங்களில் நாம் மாறிக்கொள்வதுதான் சரி. ஜன்னலே திறக்காத அலுவலகத்தில் நமக்குப் பிடித்த செண்ட் பக்கத்து மேசைக்காரருக்குத் தலைவலி ஆகலாம். கனடாவில் வாசனைப் பொருள் பூசி வராதீர்கள் என்று எழுதியே வைத்திருக்கும் அலுவலகங்களும் மருத்துவமனைகளும் உண்டு. குளிர் ஊரில் கொதிக்கக் கொதிக்கக் குளித்தால் தோல் வெடிக்கும்; வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளித்துவிட்டு, ஈரம் முழுசாகக் காயும் முன்பே களிம்பு பூச வேண்டும். புது ஊரில் முடி நார் மாதிரி ஆகிறதே என்று ஷாம்புவை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள், தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகமா என்று முதலில் விசாரிக்கலாம். இதெல்லாம் பழகிவிடும்.

பழகப் போய் ஆபத்தில் மாட்டும் இடம் முடி நீக்கும் லேசர். போன ஊரில் கை, கால், முகத்தில் முடி இல்லாமல் இருப்பதுதான் சுத்தம் என்ற எண்ணம் இருந்தால், வந்த கையோடு லேசருக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். லேசர் ஒளி முடியில் இருக்கும் கறுப்பு நிறமியைப் பிடித்துச் சூடாக்கித்தான் வேரைக் கருக்குகிறது. நம்மைப் போன்றவர்களுக்கு அதே நிறமி தோலிலும் நிறைய இருக்கிறது, ஆகவே வெளிர் தோலுக்குச் சரியாக இருக்கும் அளவு நமக்குத் தோலையே சுட்டுவிடும், அப்புறம் அந்தத் தழும்பும் கருமையும் மாதக்கணக்கில் போகாது. 755 நானோமீட்டர் அலைநீளமுள்ள அலெக்சாண்ட்ரைட் லேசரைவிட 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்.டி. யாக் லேசர் கருந்தோலுக்குப் பாதுகாப்பானது, காரணம் அந்த ஒளியை மேல்தோலின் நிறமி குறைவாகவே உறிஞ்சும். எந்த லேசர், தோலை நிறத்தை வைத்து வகை பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலில் என் தோல் ஒன்று முதல் ஆறு வரை எந்த வகை, இந்த வகைத் தோலுக்கு இதற்கு முன் செய்திருக்கிறீர்களா, முதலில் சின்ன இடத்தில் சோதித்துப் பார்ப்பீர்களா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் எழுந்து வந்துவிடலாம், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

தலைச்சாயமும் இப்படித்தான். கறுப்புச் சாயத்தில் பெரும்பாலும் பி.பி.டி. என்ற ரசாயனம் இருக்கும், சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாமல் முகமே வீங்கிவிடும். 48 மணி நேரத்துக்கு முன்பு முழங்கை மடிப்பில் துளி பூசிப் பார்க்கச் சொல்வது அதற்காகத்தான்.

ஆண்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தினமும் மழமழவென்று சவரம் செய்தால்தான் மதிப்பு என்று நினைத்து, சுருள் தாடிக்காரர்கள் எதிர்ப்பக்கமாக இழுத்து இழுத்துச் சிரைக்கிறார்கள். வெட்டுப்பட்ட முடி தோலுக்குள்ளேயே வளைந்து வளர்ந்து கழுத்தெல்லாம் கொப்புளம். முடி வளரும் திசையிலேயே மெதுவாக இழுத்தாலே பாதித் தொல்லை போய்விடும்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது வெளுக்கும் கிரீம் விஷயத்தில். கூட்டத்தில் தனியாகத் தெரியக்கூடாது என்பதற்காக, என்ன கலந்திருக்கிறது என்றே எழுதாத டப்பாவை வாங்கிப் பூசுகிறார்கள். இப்படிப்பட்ட கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2013இல் நாடுகள் சேர்ந்து ஏற்ற மினமாட்டா ஒப்பந்தம் பாதரசம் கலந்த அழகுப் பொருள்களையும் கட்டுப்படுத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் தோலை வெளுக்கும் ஹைட்ரோகுவினோன் என்ற ரசாயனம் கலந்த அழகுக் கிரீமை விற்கவே கூடாது. நிறத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லி எந்த நாட்டு விசாவிலும் எழுதவில்லை. நம் பிள்ளைகளிடம் இதை யாராவது அழுத்திச் சொல்ல வேண்டாமா?

வந்தவர் மட்டுமே வளைந்து கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை. முடியின் சுருளையோ பின்னலையோ காரணம் காட்டி வேலையிலும் பள்ளியிலும் ஒதுக்கக்கூடாது என்று கலிபோர்னியா 2019இல் சட்டமே போட்டது, அப்புறம் அமெரிக்காவின் வேறு பல மாநிலங்களும் அதே வழியில் வந்தன. உங்கள் முடியைப் பற்றி மேலாளர் ஏதாவது சொன்னால், வெட்டுவதற்கு முன் அந்த ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். கருந்தோலுக்கு வைத்தியம் பார்த்துப் பழகிய தோல் மருத்துவர் ஒருவரைக் கொண்டு, வெளிநாட்டில் இருக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு மாதம் ஒரு முறையாவது பதில் வெளியிடுங்கள். பெயர் போடாமல் கேட்க வழி இருந்தால், கூச்சப்பட்டுக்கொண்டு இருப்பவர்களும் எழுதுவார்கள்.

இப்படிக்கு,
வெளிநாட்டில் வாழும் ஒரு வாசகி