மாசிக் கொடைக்கு வா

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு நல்ல வரன் அமைந்ததைப் படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் வாய்நிறையச் சொன்னேன். இங்கே அனைவரும் நலம். என் முழங்கால் வலியும் இப்போது தேவலை.

சம்பந்தி வீட்டாரோடு கன்னியாகுமரிக்கு வந்து, சூரிய உதயம் பார்த்துவிட்டு அன்றே ரயில் ஏறப் போவதாக எழுதியிருக்கிறாய். எனக்கு அதில் சம்மதமில்லை. படகு டிக்கெட்டுக்கு வரிசையில் கால்கடுக்க நின்றுவிட்டுத் திரும்பவா அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறீர்கள்? கூடுதலாக இரண்டு மூன்று நாள் ஒதுக்கு. பக்கத்துக் கடலோர ஊர்களான குளச்சலுக்கும் மண்டைக்காட்டுக்கும் நானே கூட்டிப் போகிறேன்.

போன வாரம் குளச்சல் கடற்கரையில் கரமடி வலை இழுப்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வள்ளத்தில் போய்க் கடலில் வலையை வளைத்து விட்டுவிட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று இரண்டு கூட்டமாக இழுக்கிறார்கள். முன்னால் இழுப்பவர் குதிகாலை மணலில் ஊன்றி, உடம்பையே பின்னுக்குச் சாய்க்கிறார். கயிறு ஏற ஏற இரு கூட்டமும் மெல்ல நெருங்கி வருகின்றன. கடைசியில் மடி கரையேறியபோது நெத்திலி வெள்ளியாய்த் துள்ளியது. அந்த இடத்திலேயே ஏலம். பெண்கள் நெத்திலியைப் பாத்திரங்களில் அள்ளி, தலையில் ஏற்றிக்கொண்டு வேகமாக நடந்தார்கள்.

இந்தக் கரையில்தான் 1741 ஆகஸ்ட் 10 அன்று மார்த்தாண்ட வர்மாவின் திருவிதாங்கூர்ப் படை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை முறியடித்தது. மிளகு வணிகத்துக்காக நடந்த போர் அது. அதன் நினைவாக வெற்றித் தூண் நிற்கிறது. ஊர்க்காரர்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. மீனவர்கள் துடுப்புகளைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்றார்களாம். துப்பாக்கி ஏந்திய பெரும்படை என்று நினைத்து டச்சுக்காரர்கள் மிரண்டார்களாம். தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். மடி இழுக்கும் அந்தத் தோள்களைப் பார்த்த பிறகு நான் அதை முழுமனதாக நம்புகிறேன்.

பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தலைவரானார். வலிய கப்பித்தான், அதாவது பெரிய தளபதி, என்று அழைக்கப்பட்டார். அவர் 1777-இல் இறந்தார். உதயகிரிக் கோட்டைக்குள் கூரையில்லாத சிற்றாலயத்தில் கல்லறை இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறார்கள். தோற்று வந்தவனுக்கு நம் மொழியில் எழுதி வைத்திருக்கிறார்களே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகும்போது அதையும் பார்த்துவிடலாம்.

மண்டைக்காட்டுக்கு மாசிக் கொடையின்போதுதான் வர வேண்டும். பத்து நாள் விழா. பகவதி அம்மன் அங்கே பதினைந்து அடி உயரப் புற்றாக இருக்கிறாள். கேரளத்திலிருந்து பெண்கள் இருமுடி கட்டி வருகிறார்கள். தலைவலி தீர மண்டையப்பம் நேர்ந்துகொள்வார்கள்; அரிசி மாவும் வெல்லமும் சேர்த்து அவிப்பது. கடைசிச் செவ்வாய் நள்ளிரவில் ஒடுக்கு பூஜை. படையலைத் தலையில் சுமந்து வருபவர்கள் வாயைத் துணியால் கட்டியிருப்பார்கள். அத்தனை பெரிய கூட்டமும் அப்போது பேச்சை நிறுத்திவிடும்.

பக்தர்கள் நீராடும் கடலும் கிறிஸ்தவ மீனவர்கள் தொழில் செய்யும் கடலும் ஒன்றுதான். 1982-இல் அங்கே கலவரம் மூண்டதும், உயிர்கள் போனதும் உனக்கு நினைவிருக்கும். அதனாலேயே, இன்று இரு தரப்பாரும் அந்த ஒரே கரையில் நடமாடுவதைப் பார்க்கும்போது எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருக்கிறது. இது என்றைக்கும் இப்படியே நிலைக்க வேண்டும்.

2004 டிசம்பர் 26-இன் சுனாமி குளச்சலையும் கொட்டில்பாட்டையும் வாரிக்கொண்டு போனது. அந்த நினைவிடங்களில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவோம்.

கடைசிச் செவ்வாய்க்கு முந்தின வெள்ளிக்கிழமையே வந்து சேருங்கள். ஞாயிற்றுக்கிழமை மீனவர்கள் கடலுக்குப் போக மாட்டார்கள். கரமடி பார்க்க வேண்டுமானால் சனிக்கிழமைதான் சரி. விழா நாட்களில் விடுதி கிடைப்பது சிரமம், எல்லோரும் நம் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம். சம்பந்தி வீட்டார் மீன் சாப்பிடுவார்களா என்று மட்டும் விசாரித்து எழுது. சாப்பிடுவார்களென்றால் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும்தான்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்
நாகர்கோவில்