கோட்டோ வகுப்பை நிறுத்தாதீர்கள்: எங்கள் நகரக் கல்வி வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கல்வி வாரியத்தாருக்கு,

வணக்கம். வரும் ஏப்ரலில் தொடங்கும் கல்வியாண்டிலிருந்து கோட்டோ என்ற ஜப்பானிய நரம்பு வாத்தியத்தைச் சொல்லித்தர வெளியிலிருந்து ஆசிரியர் வரமாட்டார், நடுநிலைப் பள்ளி மாணவர்கள் டேப்லெட்டில் ஒரு செயலி மூலம் பழகுவார்கள் என்று நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை கிடைத்தது. பின்னணி உங்களுக்கே தெரியும், செலவுக் கணக்கும் உங்கள் கையில்தான் இருக்கிறது. ஆகவே நேராகக் கேட்டுவிடுகிறேன். அந்த ஆசிரியரை நிறுத்தாதீர்கள். பள்ளியில் இருக்கும் கோட்டோக்களுக்கு நரம்பு மாற்றிக் கொடுங்கள்.

இதையே ஜப்பானிய மொழியில் மனுவாகவும் கொடுத்தேன். பரிசீலிப்பதாக ஒரு வரி வந்தது, அதோடு சரி. இந்த நகரத்தில் எங்களைப் போல் சில தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. எங்கள் பிள்ளைகளும் உங்கள் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். அந்தக் குடும்பங்களும் படிக்கட்டும் என்றுதான் இதை என் மொழியில், பொதுவில் எழுதுகிறேன்.

பெற்றோர் வகுப்பைப் பார்க்கலாம் என்று நீங்கள் அழைத்த நாளில் நானும் வந்திருந்தேன். வகுப்பில் 36 பிள்ளைகள், கோட்டோ ஆறு. ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு நீளம், 13 நரம்பு. வீணையில் குதிரை என்போமே, அது இங்கே ஒவ்வொரு நரம்புக்கும் தனித்தனியாக உண்டு. ஒட்டியிருக்காது, சும்மா நிற்கும். அதை நகர்த்தித்தான் சுருதி சேர்க்க வேண்டும். ஆக, பாடம் தொடங்கும் முன் 78 குதிரைகளை நிறுத்தியாக வேண்டும். எழுபதை எட்டும் அந்த ஆசிரியர் முன்னதாகவே வந்து, தரையில் மண்டியிட்டு, தனியாக அதைச் செய்துகொண்டிருந்தார். பிள்ளைகள் வந்து உட்கார்ந்த உடனே ஒரு பையன் காலை நீட்ட, ஒரு குதிரை சாய்ந்தது, பக்கத்தில் இருந்ததும் சாய்ந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி மண்டியிட்டார்.

வகுப்பு 50 நிமிடம். சுருதி, வணக்கம், எடுத்து வைப்பது எல்லாம் போக ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிது. அதிலும் நரம்பை மீட்டப் பெருவிரலில் மாட்டும் நகம் எல்லாருக்கும் ஒரே அளவு. என் மகளுக்கு அது கழன்று கழன்று விழுந்தது, அடுத்த பெண்ணுக்கு உள்ளேயே போகவில்லை. ஒரு கோட்டோவில் நரம்பு அறுந்து, முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். அப்படியும் ஆசிரியர் 'டோன், டென், ஷான், கொரோரின்' என்று வாயால் சொல்லிக் கொடுக்க, பிள்ளைகள் கூடவே சொல்லி, அப்புறம் நரம்பில் கை வைத்தார்கள். மிருதங்கம் படிக்கிற பிள்ளை முதலில் சொல்லை வாயில் ஏற்றிக்கொள்வது மாதிரிதான். இப்படி வாய்ச்சொல்லால் பழக்குவதையும் கருத்தில் கொள்ளச் சொல்லி, 2017இல் திருத்தப்பட்ட தேசியப் பாடத்திட்டமே சொல்கிறது. அந்த ஐந்து நிமிடமும் வேண்டாம் என்பதுதான் உங்கள் சுற்றறிக்கை.

நான் வெளியூர்க்காரி, உங்கள் இசையைப் பற்றி உங்களுக்கே சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும் சொல்கிறேன். 701இலேயே இசைக்கென்று தனி அரசு அலுவலகம் வைத்த நாடு இது. சீனத்திலிருந்தும் கொரியாவிலிருந்தும் வந்த இசையை அங்கே பயிற்றுவித்தார்கள். 752இல் அன்றைய தலைநகர் நாராவின் பெரிய புத்தருக்குக் கண் திறந்த விழாவை நடத்தி வைத்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. அந்த விழாவில் பல நாட்டு இசையும் ஆட்டமும் நடந்தன. அந்தக் காலத்து ஐந்து நரம்பு பிவா (வீணை போல மீட்டும் வாத்தியம்) ஒன்று இன்றும் நாராவின் ஷோசோயின் களஞ்சியத்தில் பத்திரமாக இருக்கிறது. வந்ததையெல்லாம் வாங்கி, சொந்தமாக்கி, தொலைக்காமல் வைத்திருந்தவர்கள் நீங்கள். கோட்டோவும் அப்படி வந்ததுதான். பார்வையற்ற கலைஞர் யாட்சுஹாஷி கெங்கியோ 17ஆம் நூற்றாண்டில் அதன் சுருதி முறையை மாற்றியமைத்த பிறகு அது ஊருக்குள் பரவியது.

அப்புறம் 19ஆம் நூற்றாண்டில், மேற்கைப் பார்த்து நாட்டை மாற்றிய மெய்ஜி பேரரசரின் ஆட்சி வந்தது. பார்வையற்ற இசைக்கலைஞர்களின் சங்கத்தை 1871இல் கலைத்தார்கள். 1879இல் பள்ளிகளில் எந்த இசையைச் சொல்லித்தருவது என்று ஆராய ஈசாவா ஷூஜி என்ற கல்வி அதிகாரியின் தலைமையில் ஓர் அலுவலகம் அமைத்தார்கள். மறு ஆண்டே பாஸ்டனிலிருந்து லூதர் மேசன் என்ற இசை ஆசிரியர் வந்தார். கிழக்கையும் மேற்கையும் கலப்பதுதான் ஈசாவா சொன்ன நோக்கம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகள் கோட்டோவில் வாசிக்கும் அந்தச் சகுரா (செர்ரிப் பூ) பாட்டுகூட 1888இல் அதே நிறுவனம் அச்சிட்ட கோட்டோ பாடநூலில் இருக்கிறது. ஆனால் நடைமுறையில் பள்ளி முழுவதையும் ஆர்கனும் பியானோவும் எடுத்துக்கொண்டன. நடுநிலைப் பள்ளியின் மூன்று ஆண்டுகளில் ஒரு ஜப்பானிய வாத்தியத்தையாவது தொட வேண்டும் என்ற விதி 2002இல்தான் நடைமுறைக்கு வந்தது. 120 ஆண்டுக்கு மேல் காத்திருந்து வந்த விதி. அதைத்தான் இப்போது செயலியில் முடித்துவிடப் பார்க்கிறீர்கள்.

செயலி மீது எனக்குக் கோபம் இல்லை. கணினியில் பாடும் செயற்கைக் குரல் ஹட்சுனே மிகு 2007இல் பிறந்தது உங்கள் நாட்டில்தான், என் வீட்டில் அந்தக் குரல் ஓயாமல் கேட்கிறது. ஆனால் கண்ணாடித் திரையில் குதிரை சாயாது, நரம்பு தளராது, சுருதி விலகாது. பிறகு பிள்ளை எதைக் காதால் கேட்டுத் திருத்தும்?

புத்தாண்டு வந்துவிட்டால் மட்டும் கோட்டோ கலைஞர் மியாகி மிச்சியோ 1929இல் அமைத்த அந்த கோட்டோ, ஷாக்குஹாச்சி (மூங்கில் குழல்) இசை சூப்பர் மார்க்கெட்டில் மீன் அடுக்கும் இடத்தில்கூட ஒலிக்கும். அரசவை இசையான ககாக்கு 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, பெருமைதான். இளமையில் ஜப்பானிய இசையையே ஒதுக்கி வைத்திருந்த இசையமைப்பாளர் டகேமிட்சு, 1967இல் நியூயார்க் இசைக்குழுவின் நடுவே பிவாவையும் ஷாக்குஹாச்சியையும் உட்கார வைத்தார், அதுவும் பெருமைதான். ரயில் நிலையத்துச் சுற்றுலாச் சுவரொட்டியில் கிமோனோ அணிந்த பெண் கோட்டோ மீட்டுகிறாள். அவளுடைய கோட்டோவில் 13 நரம்பும் இருக்கின்றன, எண்ணிப் பார்த்தேன். விருந்தாளிக்குக் காட்ட நரம்பு இருக்கிறது, வீட்டுப் பிள்ளைக்கு இல்லை. 2020இல் நாட்டின் மிகப் பெரிய ஷாமிசென் (மூன்று நரம்பு வாத்தியம்) தயாரிப்பு நிறுவனம் மூடப்போவதாக அறிவித்தபோது எல்லாரும் வருந்தினார்கள், உதவினார்கள். வாத்தியத்தைத் தொட்டே பார்க்காத தலைமுறை நாளைக்கு அதை யாரிடம் போய் வாங்கும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

மன்னிக்கவும், எங்கேயோ போய்விட்டேன்.

ஹமாமட்சுவில் ஒரு தொடக்கப் பள்ளியின் ஆர்கன் பழுதானபோது அதைச் சரிசெய்தவர், பின்னாளில் யமஹா நிறுவனத்தைத் தொடங்கிய யமஹா டொராகுசு. 1887இல் நடந்தது. பிறகு தானே ஓர் ஆர்கன் செய்து, ஹக்கோனே மலையைத் தாண்டி டோக்கியோவுக்குச் சுமந்துபோய், ஈசாவாவின் இசை நிறுவனத்தில் காட்டினார். சுருதி சரியில்லை என்றார்கள். ஆனால் அப்படியே திருப்பி அனுப்பிவிடவில்லை. அங்கேயே உட்காரவைத்து இசைக் கணக்கும் சுருதி சேர்க்கும் முறையும் கற்றுக்கொடுத்தார்கள். அந்த நிறுவனமும் அரசுப் பணத்தில் நடந்ததுதான்.

நான் கேட்பது அவ்வளவு பெரிதில்லை. ஆசிரியரின் வகுப்புகளைக் குறைக்காமல் தொடருங்கள். ஆறு கோட்டோவுக்கும் நரம்பு மாற்றுங்கள். மூன்று நான்கு அளவுகளில் விரல் நகங்கள் வாங்குங்கள். செயலியையும் வேண்டுமானால் கூடவே வைத்துக்கொள்ளுங்கள், ஆசிரியருக்குப் பதிலாக வேண்டாம். ஏப்ரலுக்கு முன் எழுத்தில் ஒரு பதில் தந்தால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன். வகுப்பு நாட்களில் காலையில் வந்து குதிரைகளை நிறுத்திக் கொடுக்க எங்களில் சில பெற்றோர் தயாராக இருக்கிறோம். சேமிப்பறைச் சாவியை மட்டும் யாரிடம் வாங்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

பணிவுடன்,
ஏழாம் வகுப்பு மாணவியின் தாய்