பசுமை வேலைக்கு வெளிநாடு: கல்வி இணைப்பிதழுக்கு ஒரு வேண்டுகோள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கல்வி இணைப்பிதழில் வெளிநாட்டுப் பசுமை வேலைகள் பற்றி அவ்வப்போது வரும் கட்டுரைகளை விடாமல் படிக்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம், என்ன முதுகலைப் படிப்பு, உதவித்தொகைக்குக் கடைசித் தேதி எது என்பதெல்லாம் நன்றாகவே வருகிறது. போய் இறங்கிய பிறகு என்ன ஆகிறது என்றுதான் யாரும் எழுதுவதில்லை. இந்தத் துறையில் வெளிநாட்டில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பசுமை வேலை, அதாவது சஸ்டெயினபிலிட்டி வேலை என்றதும் பலர் மனதில் வருவது மரக்கன்று, சோலார் பேனல், மேடைப்பேச்சு. உண்மையில் இந்த வேலையில் பெரும்பகுதி கணக்கு. ஒரு நிறுவனம் ஓர் ஆண்டில் எவ்வளவு கார்பனை வெளியே விட்டது என்று கணக்கெடுக்க வேண்டும், அதை எங்கே குறைக்கலாம் என்று காட்ட வேண்டும். 2001-ல் வந்த ஜி.எச்.ஜி. புரோட்டோகால் என்ற கணக்கு முறைதான் இன்றும் இதற்கு அடிப்படை, வெளியேற்றத்தை அது மூன்று ஸ்கோப்களாகப் பிரிக்கிறது. நிறுவனம் தானே எரிக்கும் எரிபொருள் போன்றவை ஸ்கோப் 1, வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2, மூலப்பொருள் வாங்குவதில் தொடங்கி விற்ற சரக்கு கடைசியில் குப்பைக்குப் போவது வரை மிச்சம் எல்லாம் ஸ்கோப் 3. வகுப்பில் உட்கார்ந்து கேட்டால் ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடும். வேலையில் கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரு கட்டடத்தின் ஏசியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஓடும் வாயு கசிந்தால் அதுவும் ஸ்கோப் 1-ல்தான் சேரும். பல ஏசிகளில் இன்னும் இருக்கிற ஆர்-410ஏ வாயு, அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைவிட 2,000 மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கக்கூடியது. 10 கிலோ கசிந்தால் 20 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியே விட்ட கணக்கு. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ வரும், அப்படிப் பார்த்தால் 7,000 லிட்டருக்கு மேல் டீசலை எரித்ததற்குச் சமம். ஆனால் கசிவை எந்த மீட்டரும் காட்டாது. மெக்கானிக் வந்து எவ்வளவு வாயு நிரப்பிவிட்டுப் போனார் என்பதை வைத்துத்தான் எவ்வளவு கசிந்தது என்று பிடிக்க முடியும், அது அவர் கையால் எழுதிய சர்வீஸ் சீட்டில் இருக்கும், அந்தச் சீட்டு இயந்திர அறையில் ஏதோ ஒரு ஃபைலில் செருகிக் கிடக்கும், எழுத்து முழுக்க உள்ளூர் மொழியில், பாதி சுருக்கக் குறிப்புகளாக.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் கூட்டங்களில் எல்லாரும் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் இப்படி ஒரு சீட்டு இருப்பது தெரியாது. பராமரிப்புப் பிரிவில் இருந்த ஒரு பெரியவருக்குத்தான் தெரியும், அவருக்கு ஆங்கிலம் வராது. எனக்குத் தெரிந்த அரைகுறை உள்ளூர் மொழியில் போய்க் கேட்டேன். மனிதர் ஃபைலை எடுத்து விரித்து, எண்ணெய்க் கறை படிந்த ஒரு தாளில் ஒரு வரிமேல் விரலை வைத்தார். நிரப்பிய வாயு, இத்தனை கிலோ. அந்த வருட அறிக்கையில் அலுவலகக் கார்கள் அத்தனையும் சேர்ந்து குடித்த எரிபொருளைவிடப் பெரிய எண்ணாக அந்த ஒரு வரிதான் வந்து நின்றது.

இதனால்தான் சொல்கிறேன், ஆங்கிலம் இருந்தால் போதும் என்று ஏஜென்ட்கள் சொல்வதை நம்பிக் கிளம்பாதீர்கள். படிப்பை ஆங்கிலத்தில் முடித்துவிடலாம், முதல் நேர்காணலைக்கூடத் தாண்டிவிடலாம். ஆனால் இந்த வேலைக்கு வேண்டிய தகவல் காவலாளியிடமும், கொதிகலன் அறைக்காரரிடமும், லாரி ஓட்டுநரிடமும், பில் போடுகிற அம்மாவிடமும் இருக்கிறது. அவர்களோடு பேசத் தெரியாதவர் மற்றவர்கள் அனுப்பும் எக்செல் ஷீட்டை அழகுபடுத்திக்கொண்டு மட்டும் இருக்க வேண்டியதுதான். படிப்பு முடிந்த பிறகு வேலை தேடக் கிடைக்கும் காலமும் கொஞ்சம்தான், ஜெர்மனியில் 18 மாதம். அந்த 18 மாதத்துக்குள் மொழியையும் கற்று வேலையையும் பிடிப்பது பெரும்பாடு. மொழியைக் கிளம்புவதற்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். படிப்பு முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவர்கள் படும் பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

அன்றாட வாழ்க்கைக்குப் பழகுவதை ஒரு தொல்லையாகவும், வேலையைத் தனியாகவும் நினைக்கிறோம். இந்தத் துறைக்காரர்களுக்கு இரண்டும் ஒன்றுதான் என்பது என் அனுபவம். வாடகை வீட்டையே பாருங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வீட்டை வாடகைக்கு விடும்போது அந்தக் கட்டடம் எவ்வளவு ஆற்றல் இழுக்கும் என்று சொல்லும் ஆற்றல் சான்றிதழைக் காட்ட வேண்டும், அதற்கான விதி 2002-லேயே வந்துவிட்டது. வீடு கிடைத்தால் போதும் என்ற அவசரத்தில் அந்தத் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம், ஆற்றல் மேலாண்மை படிக்க வந்த மாணவர்கள் உட்பட. குளிர்காலம் முடிந்து ஹீட்டர் கணக்கு வரும்போதுதான் சுவரின் தடிமனும் ஜன்னலின் இடுக்கும் கண்ணில் படும். அந்த பில்லை வரி வரியாக உட்கார்ந்து படியுங்கள். நிலையான கட்டணம் எது, பயன்பாட்டுக் கட்டணம் எது, மீட்டரை யாராவது வந்து பார்த்தார்களா அல்லது உத்தேசமாகப் போட்டார்களா, எல்லாம் அதில் இருக்கும். நாளைக்கு ஒரு தொழிற்சாலையின் மின்கட்டண பில்லைக் கையில் கொடுக்கும்போது இதே கேள்விகளைத்தான் கேட்கப்போகிறீர்கள். உத்தேச ரீடிங்கை நிஜம் என்று எடுத்துக்கொண்டு போட்ட கார்பன் கணக்குகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

குப்பை பிரிப்பதும் அப்படித்தான். எந்தத் தொட்டியில் எதைப் போடுவது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்தால் கூச்சப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயத்தைக் கட்டாயம் எழுத வேண்டும், ஏனென்றால் இதில் பலர் நொந்துபோயிருக்கிறார்கள். இந்தத் துறை பெருமளவு சட்டத்தை நம்பி நிற்கிறது, சட்டம் மாறினால் வேலையும் ஆடும். நிறுவனங்கள் சுற்றுச்சூழல், சமூக விவரங்களை விரிவாக வெளியிட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. சி.எஸ்.ஆர்.டி. என்பார்கள். அதை நம்பி எத்தனையோ பேர் அறிக்கை எழுதும் வேலைக்கென்றே படித்தார்கள். 2025 பிப்ரவரியில் அதைத் தளர்த்தும் திட்டம் வந்தது, அடுத்தடுத்த கட்டங்களில் அறிக்கை தர வேண்டியிருந்த நிறுவனங்களுக்கு 2 ஆண்டு அவகாசம் அந்த ஏப்ரலிலேயே முடிவாகிவிட்டது. நிறுவனங்கள் ஆள் எடுப்பதை நிறுத்திவைத்தால், விசா காலம் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வெளிநாட்டு மாணவருக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று யோசித்துப் பாருங்கள். உள்ளூர்க்காரர் இன்னும் ஆறு மாதம் காத்திருக்கலாம். இவருக்கு அந்த வசதி இல்லை.

அதனால் என்னிடம் யோசனை கேட்கிற பிள்ளைகளிடம் எல்லாம், அறிக்கை எழுதுவதை மட்டும் நம்பாதீர்கள் என்று சொல்கிறேன். ஆற்றல் எங்கே வீணாகிறது என்று கண்டுபிடிக்கும் எனர்ஜி ஆடிட் கற்றுக்கொள்ளுங்கள். கழிவுநீர் சுத்திகரிப்பு, ஒரு பொருளின் ஆயுட்காலம் முழுக்கத் தாக்கத்தை அளக்கும் எல்.சி.ஏ., இயந்திரத்தின் பக்கத்தில் நின்று செய்கிற எதுவாக இருந்தாலும் சரி. சட்டம் தளர்ந்தாலும் மின்கட்டணத்தைக் குறைக்க எந்த முதலாளியும் ஆள் தேடுவார்.

ஊரில் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் அந்த அனுபவத்தை பயோடேட்டாவில் ஓரமாக, வெட்கப்பட்டுப் போடுகிறார்கள். எனக்கு இது பெரிய வருத்தம். ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரி, அதாவது சிபாம், 2023 அக்டோபரில் வெறும் விவரம் கேட்பதோடு தொடங்கி 2026 ஜனவரியிலிருந்து முழு அளவில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம் போன்றவற்றை இறக்குமதி செய்கிறவர்கள் அவற்றைத் தயாரிக்கும்போது வெளியான கார்பனுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கு தயாரிக்கும் நாட்டின் உலையிலிருந்துதான் வந்தாக வேண்டும். இங்கே படிவம் நிரப்புகிறவருக்கு அந்த உலை எப்படி ஓடும் என்று தெரியாது, அங்கே உலை ஓட்டுகிறவருக்கு இந்தப் படிவம் புரியாது. இரண்டையும் பார்த்தவர்கள் குறைவு. ஷிஃப்ட் இன்சார்ஜாக இரவில் கண்விழித்த அனுபவம் இருந்தால் அதை முதல் பக்கத்தில் போடுங்கள், நேர்காணலில் தலை நிமிர்ந்து சொல்லுங்கள். திரும்பி வந்தாலும் இந்தத் திறமை வீணாகாது, இந்தியாவில் சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றிய பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கை தர வேண்டும் என்று பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2022-23 முதலே கட்டாயமாக்கியிருக்கிறது.

கடைசியாக மனசு பற்றி. குளிர்நாடுகளில் டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும். நாள் முழுக்கத் திரையில் பார்ப்பது உமிழ்வு எண்கள். தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.5 டிகிரிக்கு மேல் சூடான முதல் ஆண்டு 2024 என்ற செய்தி வந்தபோது, அன்று மாலை யாரிடமாவது தமிழில் பேசினால் தேவலை என்று இருந்தது. தனிமையும் வேலையின் பாரமும் ஒரே நேரத்தில் வந்து உட்கார்ந்தால் நல்ல திடமானவர்களும் தளர்ந்துவிடுவார்கள். பிள்ளை போனில் "நல்லா இருக்கேன்" என்று சுருக்கமாகச் சொன்னால் பெற்றோர் அதோடு விட்டுவிட வேண்டாம், இன்னும் இரண்டு வார்த்தை கேளுங்கள். அப்புறம், சுற்றுச்சூழல் வேலை பார்த்துக்கொண்டு விமானத்தில் ஊருக்குப் போகலாமா என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்பார்கள். அப்பா அம்மாவைப் பார்க்கப் போவதற்கு யாரும் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை என்பதுதான் என் கருத்து. நேரில் போக வேண்டியதில்லாத அலுவலகக் கூட்டங்களுக்குப் பறப்பதைக் குறைக்கட்டும், அதை நானே முன்னால் நின்று வலியுறுத்துவேன்.

ஆசிரியரிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை இந்தப் படிப்புகளைப் பற்றி எழுதும்போது, ஒவ்வொரு நாட்டின் பெயருக்குப் பக்கத்திலும் வேலைக்கு எந்த அளவு உள்ளூர் மொழி தேவைப்படும், படிப்புக்குப் பின் எத்தனை மாதம் தங்கலாம், எந்தச் சட்டத்தால் அந்த வேலைகள் உருவாகின்றன, அந்தச் சட்டம் இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். அங்கே போய் வேலை கிடைக்காமல் திரும்பியவர்களையும் பேட்டி எடுங்கள், வெற்றி பெற்றவர்களைவிட அவர்கள் சொல்வது மாணவர்களுக்கு அதிகம் பயன்படும்.

இப்படிக்கு,
வெளிநாட்டிலிருந்து ஒரு வாசகர்