கல்லுக்குக் கல்: மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. நம்மைப் போலவே கல்லைச் செதுக்கி அம்புமுனை, கத்தி செய்யும் அந்த நண்பர், தான் தரும் 20 கிலோ எரிமலைக் கண்ணாடிக்கு (ஆப்சிடியன்) ஈடாக அதே எடையில் சக்கிமுக்கிக் கல் கேட்கிறாராம். எடைக்கு எடை என்ற பேச்சையே எடுக்காதே. முழு உருண்டையில் மேல்தோல், சுண்ணாம்பு, விரிசல்வழி உடைவது எல்லாம் கழிந்தால் சில சமயம் பாதிகூடத் தேறாது. இருவரும் செதில்களாக உடைத்தே அனுப்புங்கள்: கையகலம், ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் கனம். அந்த அளவில் குறை எதையும் ஒளிக்க முடியாது.

நீ பொறுக்கப் போகும் இடம் சுண்ணாம்புப் பாறைப் பகுதி என்பதால் சக்கிமுக்கி வரிசையாகவோ உருண்டைகளாகவோ கிடைக்கும். கல்லை இறுக்கிப் பிடிக்காமல் ஏந்தி, சின்ன அடிகல்லால் தட்டிப் பார். கணீரென்றால் நல்லது, சத்தம் மொத்தையாக வந்தால் உள்ளே வெடிப்பு. பிறகு ஓரத்தில் ஒரே ஒரு சில்லு எடு. நடுவில் அடித்துச் சோதிப்பவர்கள் நல்ல கல்லைப் பாழாக்கிவிட்டுப் போகிறார்கள். உடைந்த முகம் சர்க்கரைபோல் பொரபொரத்தால் விட்டுவிடு. ஆற்றில் உருண்ட கல்லின் மேல் பிறைபிறையாகத் தழும்பு இருந்தால், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு விரிசல் காத்திருக்கிறது.

அவர் தரும் கண்ணாடியில் வெள்ளைப் பூ விழுந்த ரகம் வேண்டாம். மணிமாலைக்கு அழகு, நமக்கு ஆகாது. பூவைத் தொட்டதும் செதில் மேலே பிளக்காமல் நின்றுவிடும்.

சக்கிமுக்கி எளிதாகச் செதுக்க வரவேண்டும் என்று சூடேற்றுவதுண்டு; சூடேற்றிய கல் வேண்டுமா, பச்சைக் கல் வேண்டுமா என்று அவரிடம் கட்டாயம் கேள். சூடேற்றியதில் பழைய முகம் மங்கலாகவும் புதிதாக எடுத்த செதில் வடு எண்ணெய் தடவியது போலவும் இருக்கும். நீயே சூடேற்றுவதானால் உருண்டையை வைக்காதே. வெளிப்புறம் சூடாகி நடுப்பகுதி பின்தங்குவதால் பிளந்துவிடும். ஒரே கனச் செதில்களாகச் சூளையில் அடுக்கி, 100 டிகிரி செல்சியசுக்குச் சற்றுக் கீழே ஒரு நாள் முழுக்க வை. இந்த ஈரம் போக்கும் வேலையில் அவசரப்பட்டால் உள்நீர் ஆவியாகி வட்டவட்டமாகச் சில்லு தெறிக்கும். அதன்பின் மணிக்கு 25 டிகிரி வீதம் ஏற்று. பல வகைகளுக்கு 200 முதல் 350 டிகிரிக்குள் போதும். அமெரிக்காவின் அர்க்கன்சாஸில் கிடைக்கும் நோவாகுலைட் என்ற கல் போன்றவை இன்னும் அதிகம் கேட்கும். புது ரகமென்றால் இரண்டு மூன்று துண்டுகளை மட்டும் 200-இல் தொடங்கிச் சோதித்துப் பார். எல்லை மீறினால் வலைபோல் வெடிக்கும், அல்லது முனை தாங்காமல் ஒடியும். உச்சத்தில் சில மணிநேரம் வைத்து, கைச்சூட்டுக்கு இறங்கும்வரை கதவைத் திறக்காதே. எரிமலைக் கண்ணாடிக்கு இந்தப் பாடெல்லாம் தேவையில்லை.

கட்டும்போது ஒவ்வொரு செதிலையும் தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்று. ஒன்றோடொன்று உரசினால் விளிம்பு நசுங்கும், பெட்டியும் கிழியும். பெட்டிக்கு 10 கிலோ போதும், குலுக்கினால் அசையக் கூடாது.

பழங்கால மனிதர்கள் கல்லாயுதம் செய்த பட்டறைகளில் கிடக்கும் சில்லுகளை, எவ்வளவு நல்ல கல்லானாலும், தொடாதே. உன் கழிவையும் வெளியே கொட்டாதே. அமெரிக்காவின் ஓரிகனில் உள்ள கிளாஸ் பியூட்ஸ் குன்றுகளோ, இத்தாலியின் லிபாரித் தீவோ, எரிமலைக் கண்ணாடியின் ரசாயனக் கலவையை வைத்து ஆய்வாளர்கள் அதன் ஊற்றிடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். தூரத்துக் கல்லின் சில்லு உன் தோட்டத்தில் கிடந்தால் நாளைக்கு யாரோ பழைய வணிகப் பாதை என்று எழுதுவார்! குழி தோண்டி, மேலே உடைந்த பாட்டில் கண்ணாடியும் இந்த வருடத்து நாணயம் ஒன்றும் போட்டு மூடு. உடைப்பது எப்போதும் திறந்தவெளியில், நுண்தூசிக்கான முகக்கவசத்தோடு. சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

முதலில் இரு பக்கமும் நான்கைந்து மாதிரிச் செதில்களை மட்டும் அனுப்பிக்கொள்ளுங்கள். அவருடையது வந்ததும் கனமும் நிறமும் எழுது, மீதியை அப்புறம் பேசலாம்.

அன்புடன்,
ராகவன்