தின்னவில்லை, மூச்சு விடுகின்றன

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் உரச் செலவு பற்றி வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் 'வயலில் போடும் யூரியாவை மண்ணிலுள்ள சில பாக்டீரியாக்கள் தின்றுவிடுகின்றன' என்ற ஒரு வரி மட்டும் முள்ளாக உறுத்தியது. பள்ளியில் முப்பது வருடம் வேதியியல் நடத்திவிட்டு, இப்போது பாலக்கோடு பக்கம் ஒன்றரை ஏக்கரில் தக்காளி வைக்கிறவன் நான். அதனால்தான் இந்தக் கடிதம்.

வயலில் போடும் யூரியா மண்ணில் படிப்படியாக நைட்ரேட் என்ற உப்பாக மாறும். அந்த பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைத் தின்பதில்லை, ஆக்சிஜனுக்குப் பதிலாக அதை வைத்து மூச்சு விடுகின்றன. சாப்பாடு என்றால் மண்ணில் கிடக்கும் மக்கிய பொருளும் வேர்க் கசிவும்தான். காற்று இருக்கும்வரை நம்மைப் போல ஆக்சிஜனைத்தான் சுவாசிக்கும், அதில்தான் அதற்குச் சக்தி வரவு அதிகம். மழையில் பாத்தி முழுக்கத் தண்ணீர் கட்டி மண்ணுக்குள் காற்று போகாதபோதுதான் நைட்ரேட் பக்கம் திரும்புகிறது.

காற்று தீர்ந்தது அதற்கு எப்படித் தெரியும்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. செல்லுக்குள் ஒரு புரதம் இரும்பையும் கந்தகத்தையும் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. ஆக்சிஜன் பட்டால் முடிச்சு கலைந்துவிடும், புரதம் செயலிழக்கும். ஆக்சிஜன் இல்லையென்றால் முடிச்சு நிற்கும், புரதம் டி.என்.ஏ.வில் போய் உட்கார்ந்து, அதுவரை தூங்கிக்கொண்டிருந்த மரபணுக்களை எழுப்பிவிடும். அந்த மரபணுக்கள் நார், நிர், நோர், நோஸ் என்று நான்கு கூட்டம், படிக்கு ஒன்று. நைட்ரேட் நைட்ரைட்டாகி, நைட்ரிக் ஆக்சைடாகி, நைட்ரஸ் ஆக்சைடாகி, கடைசியில் வெறும் நைட்ரஜன் வாயுவாகக் காற்றில் கலக்கும். நடுவில் வரும் நைட்ரிக் ஆக்சைடு அந்த பாக்டீரியாவுக்கே விஷம். அதனால் அதை மோப்பம் பிடிக்கத் தனியாக இன்னொரு புரதம் வைத்திருக்கிறது. கெட்டிக்காரப் பயல்.

வம்பு கடைசிப் படியில்தான். அந்தப் படியைச் செய்யும் நொதிக்குச் செம்பு வேண்டும். புளிப்பு (அமில) மண்ணில் மரபணு வேலை செய்தாலும் நொதி சரியாக உருவாவதில்லை. அந்த மரபணுவே இல்லாத பாக்டீரியாக்களும் நிறைய உண்டு. அப்போது நைட்ரஸ் ஆக்சைடாகவே வெளியேறிவிடும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப் போல சுமார் 270 மடங்கு பூமியைச் சூடாக்கும் வாயு அது. நம் தக்காளியை வாட வைக்கும் ஃபுசேரியம் பூஞ்சையும் இப்படிப் பாதியில் நிற்கிற ஆள்தான். (செம்பு வேண்டும் என்றதும் செம்பு சேர்ந்த பூஞ்சை மருந்தான போர்டோ கலவையைக் கொண்டுபோய் மண்ணில் கொட்டிவிடாதீர்கள். மண் பரிசோதனை செய்து புளிப்பு இருந்தால் சுண்ணாம்பு இடுங்கள், அது போதும்.)

போன ஐப்பசியில் மேலுரம் போட்ட பத்தாம் நாள் மழை பிடித்தது. மூன்று நாள் தண்ணீர் நின்றது, இலையெல்லாம் மஞ்சள். வேர் மூச்சு முட்டியதும் ஒரு காரணம், நைட்ரேட் வாயுவாகப் போனதும் ஒரு காரணம். நான் என்ன செய்தேன்? வடிகால் வெட்டாமல் இன்னொரு மூட்டை யூரியா வாங்கினேன். 45 கிலோ மூட்டையில் நைட்ரஜன் 20 கிலோவுக்குச் சற்று மேல். அதையும் அதே ஈரத்தில்தான் போட்டேன். பாடம் நடத்தியவனுக்கே இந்தப் புத்தி!

யூரியா நேரே நைட்ரேட் ஆவதில்லை. முதலில் அம்மோனியமாகும், பிறகு வேறு வகை பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக்கும். வேம்பு தடுப்பது அந்த இரண்டாவது வேலையை. ஐந்து பங்கு யூரியாவுக்கு ஒரு பங்கு வேப்பம் புண்ணாக்கு கலந்து ஒரு இரவு வைக்கும் பழக்கத்தின் சூட்சுமம் அதுதான். 2015 முதல் யூரியா முழுக்க வேப்ப எண்ணெய் பூசித்தான் வருகிறது.

அப்புறம் ஒன்று. நம் மாவட்டத்தில் தண்ணீர் என்றாலே ஃபுளோரைடு பேச்சுதான். வயலில் மிஞ்சும் நைட்ரேட்டும் மழையோடு இறங்கிக் கிணற்றுக்குப் போகிறது. ஆழத்தில், கரும்பாறை இடுக்கில், இந்த பாக்டீரியாக்களுக்குத் தின்ன மக்கிய பொருள் கிடைப்பது அரிது. அதனால் அங்கே நைட்ரேட் அப்படியே தங்கிவிடும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, கைக்குழந்தைக்குப் பால் கலக்கும் வீட்டில் கூடுதல் கவனம் வேண்டும். கொதிக்க வைத்தால் போய்விடுமா என்று பக்கத்து வீட்டு அம்மா கேட்டார். போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும். இதைப் பற்றி அடுத்த இதழில் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர், பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்