மெடிக்கல் போர்டு காரணம் எழுத வேண்டாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ராணுவத்தில் ஏஎஸ்சி (சரக்கு, போக்குவரத்துப் பிரிவு) டிரைவராக 22 வருடம் இருந்து 2017இல் ஓய்வு பெற்றேன். லடாக் ரோட்டில் லோடு லாரி ஓட்டியதுதான் அதிகம். சேரும்போது என் மெடிக்கல் ரெக்கார்டில் ஒரு குறையும் கிடையாது. வெளியே வரும்போது இடுப்பில் டிஸ்க் விலகல்.

டிஸ்சார்ஜுக்கு முன் உட்கார்ந்த மெடிக்கல் போர்டு, ஊனம் 20 சதவீதம் என்று போட்டது. சரி. ஆனால் அடுத்த கட்டத்தில் ‘பணியால் வந்ததும் அல்ல, பணியால் அதிகமானதும் அல்ல’ என்று எழுதிவிட்டது. அந்த ஒரு வரியில் ஊன ஓய்வூதியம் போய்விட்டது. மருத்துவக் காரணம் எதுவும் எழுதவில்லை. சொன்னது இதுதான்: நான் வலி என்று முதலில் டாக்டரிடம் போனது பீஸ் ஸ்டேஷனில் (எல்லைப் பணி இல்லாத அமைதிப் பகுதி முகாமில்) இருந்தபோதாம். எல்எம்சி (உடல்தகுதி குறைவு என்ற முத்திரை) விழுந்தால் பிரமோஷன் போய்விடும் என்று, மலைமேல் இருந்தவரை கூட இருப்பவனிடம் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு கான்வாயில் ஏறியவர்கள் நாங்கள். இது எந்த டிரைவரைக் கேட்டாலும் தெரியும்.

தரம்வீர் சிங் வழக்கில் 2013லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. சேரும்போது குறிக்கப்படாத நோய் பிறகு வந்தால், பணியால் வந்தது என்றே கொள்ள வேண்டும். இல்லை என்றால் அதை நிரூபிக்க வேண்டியது அரசு. போர்டு காரணம் எழுத வேண்டும். 2014இல் ராம் அவதார் தீர்ப்பு வந்தபின், பணிக்காலம் முடிந்து ஓய்வு பெற்ற என் போன்றவர்களுக்கும் 20 சதவீதம் 50 ஆகக் கணக்கிடப்பட வேண்டும். (2023 செப்டம்பருக்குப் பிறகு ஓய்வு பெற்று வருகிறவர்களுக்கு விதிகளே வேறு.)

முதல் அப்பீல், இரண்டாவது அப்பீல் இரண்டிலும் என்னை யாரும் கூப்பிட்டுப் பார்க்கவில்லை. போர்டு எழுதிய அதே வரியைத் திருப்பி அனுப்பினார்கள். இப்போது கேஸ் சென்னை ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் இருக்கிறது. வக்கீல் பீஸ் என் பென்ஷனிலிருந்துதான் போகிறது. இதற்குப் பயந்தே முதல் மறுப்புக் கடிதத்தோடு விட்டுவிட்டவர்கள் எங்கள் பக்கத்து ஊர்களில் நிறையப் பேர்.

உச்ச நீதிமன்றம் முடிவு செய்த விஷயத்துக்கு ஒவ்வொரு ஜவானும் தனித்தனியாக ஏன் கேஸ் போட வேண்டும்? காரணம் எழுதாத போர்டு அறிக்கையை அப்பீல் கமிட்டியே தள்ளி, மறுபரிசோதனைக்கு அனுப்பலாமே. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களில் மாதம் ஒருநாள் ஒரு எலும்பு டாக்டரும் ஒரு வக்கீலும் உட்கார்ந்து இந்தப் பேப்பர்களைப் படித்துச் சொன்னால்கூடப் போதும். முதல் அப்பீலுக்கு ஆறு மாத அவகாசம் என்பதே பலருக்கு, அது கடந்த பிறகுதான் தெரிகிறது.

முன்னாள் ஹவில்தார் ஒருவர்,
வேலூர் மாவட்டம்